உங்கள் ட்ரெய்லர் வாலாட்டுகிறது, மச்சான்

லேண்டர் ஊருக்கு வெளியே, ஆற்றோர முகாம்,
வயோமிங்.
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் எமில் வாவ்ரா அவர்களுக்கு,

தங்கள் தங்கை லிபியின் புருஷன் டெல்பர்ட் குச்செரா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே தாங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பதாக லிபி போனில் பேசியதிலிருந்து தெரிந்துகொண்டேன். நம்மூர் வில்பரில் நல்ல மழையாம், மக்காச்சோளம் இடுப்பளவு நிற்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தங்களுக்குக் கசகசா வைத்த கொலாச்சி பன் நாலு கிடைத்ததாம். ரொம்ப சந்தோஷம். மரியாதை இத்தோடு தீர்ந்தது.

தாங்கள் எங்கள் தலையில் கட்டிய, படுக்கை வைத்த ட்ரெய்லரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. "டெல்பர்ட், பின்னாடி ஒண்ணு வருதுங்கறதே உனக்கு மறந்துடும்யா, அவ்வளவு சாதுவா வரும்" என்று சொன்னது யார்? அதை இழுக்க நான் பிக்கப் வண்டி வாங்கும்போது கூடவே வந்து, டயரை எட்டி உதைத்துவிட்டு, "இது வீட்டையே இழுக்கும்" என்று சொன்னது யார்? ஆட்டம் தாங்குவதற்கு ஒரு கம்பி விற்கிறார்களே, அதைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஓட்டத் தெரியாதவனுக்கு" என்று சிரித்தது யார்? எல்லாம் நீங்கள்தான். அந்த ட்ரெய்லரை நீங்கள் எங்கே இழுத்திருக்கிறீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம். வீட்டில் சண்டை வந்தால் போய்ப் படுத்துக்கொள்ளத்தானே கொல்லையில் நிறுத்தி வைத்திருந்தீர்கள்? நின்ற இடத்திலேயே நிற்கிற வண்டி எப்படி ஐயா ஆடும்?

நான் முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவன். பனிக்கட்டியில் ஓட்டியிருக்கிறேன், பின்சீட்டுப் பிள்ளைகள் ஒருத்தன் காதை ஒருத்தன் கடிக்கும்போதும் ஓட்டியிருக்கிறேன். ஒரு கீறல் கிடையாது. ஒரு நாள் தாமதம் கிடையாது. அப்படிப்பட்ட என்னை, ஓகல்லாலா தாண்டியதிலிருந்து உங்கள் ட்ரெய்லர் ஊர் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. முதலில் லேசாக இடுப்பை அசைத்தது. ஷயென் வந்ததும் நன்றாகவே ஆட்டியது. லாரமி தாண்டி லாரிக்காரன் ஒருத்தன் பக்கத்தில் போனான் பார், அவ்வளவுதான், அது இந்தப் பக்கம் ஒரு வீச்சு, அந்தப் பக்கம் ஒரு வீச்சு, பிக்கப்பையே பிடித்து உலுக்குகிறது, என் தொப்பி கழன்று லிபி மடியில் விழுகிறது, பின்னால் வருகிறவன் எல்லாம் ஹார்ன் அடிக்கிறான். ட்ரெய்லர்காரர்கள் தங்கும் இந்த முகாமுக்குள் நுழையும்போது மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு தடியன், "என்ன தம்பி, வாலாட்டிக்கிட்டே வர்ற, பிஸ்கட் போடணுமா?" என்கிறான். எனக்கு வயசு அறுபத்தெட்டு!

(இதுவரை 'நீங்கள்' போட்டு எழுதிவிட்டேன். இனிமேல் கை வரவில்லை.)

இதெல்லாம் யாருக்காக? உன் தங்கச்சிக்காக. நெப்ராஸ்காவில் பிறந்து வளர்ந்தவள், கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து கேட்கிறாள். அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு நான் தள்ளிக்கிட்டே வந்தேன். போன குளிர்காலத்துல அவளுக்கு முட்டி ரொம்ப மோசமாயிடுச்சு. "டெல்பர்ட், நான் நடக்கிற நிலைமையில இருக்கும்போதே கூட்டிட்டுப் போயிடு"ன்னா. அதைக் கேட்டப்புறம் மனுஷன் சும்மா இருக்க முடியுமா? அதான் உன் ட்ரெய்லரை மாட்டிக்கிட்டுக் கிளம்பினேன், ஆரிகன் கடற்கரைக்கு.

வண்டி ஆடினா நான் என்ன பண்ணுவேன்? ஓரமா நிறுத்துவேன். அடியில மல்லாந்து படுத்து, கொக்கியை ஆட்டிப் பார்ப்பேன், டயரைத் தட்டிப் பார்ப்பேன், உன்னைத் திட்டுவேன், மறுபடி கிளம்புவேன். முதல் நாள் ஒரு தடவை நிறுத்தினேன். அப்புறம் நாலு, அப்புறம் எண்ணறதையே விட்டுட்டேன். லிபி ஒரு தடவையாவது முனகணுமே? ம்ஹூம். "நிதானமா பாரு டெல்பர்ட், ஒண்ணும் அவசரமில்லை"ங்கறா. எவ்வளவு பொறுமைசாலி, இந்த எமிலுக்குத் தங்கச்சியா பொறந்தாளேன்னு நினைச்சேன்.

பாரம் ஜாஸ்தின்னு தோணிச்சு. சரி, குறைப்போம்னு முன்பக்கத்துப் பெட்டியைத் திறந்தேன். என் சாமான் பூரா அங்கதான். ஸ்பேனர் பெட்டியை ஒரு முகாம்ல குடுத்தேன். தூக்கினா கை ஒடியற கனத்துல இருக்குமே என் இரும்புச் சட்டி, அதையும் குடுத்தேன். அப்புறம், மச்சான், என் அக்கார்டியனைக் குடுத்தேன். எங்கப்பா வாசிச்ச அக்கார்டியன். உன் கல்யாணத்துல விடிய விடிய வாசிச்சேனே, அதே அக்கார்டியன். ராலின்ஸ்ல முகாம் நடத்தற அம்மாகிட்ட, திரும்பும்போது வாங்கிக்கறேன்னு விட்டுட்டு வந்தேன். அழுகையா வந்துது. வெளியே வந்து வண்டியை எடுத்தா முன்னைவிட ஜாஸ்தியா ஆடுது!

இன்னைக்குக் காலையில லாரி எடை போடற மேடையில ஏத்தினேன். கிளம்பும்போது போட்ட எடையைவிட அதிகம் காட்டுது. பாதிச் சாமானைத் தானம் பண்ணிட்டு வந்தவனுக்கு எடை கூடியிருக்கு! மேடைக்காரன்கிட்ட சண்டை போட்டேன். "ஐயா, முன்னாடி இறக்கியிருக்கீங்க, பின்னாடி ஏத்தியிருக்கீங்க. வால் கனத்தா ஆடத்தான் செய்யும்"னான். பின்னாடி என்ன இருக்கு? உட்கார்ற பலகைக்கு அடியில ஒரு பெட்டி. கம்பளிப் போர்வை வச்சிருக்கேன், திறக்காதேன்னு லிபி சொல்லியிருந்தா. இந்த முகாமுக்கு வந்து நின்னதும் நேரே அதுகிட்ட போனேன்.

திறந்தேன்.

கல்லு, மச்சான். கல்லு! சிவப்புக் கல், பச்சைக் கல், வரி போட்ட கல், உருளைக்கிழங்கு மாதிரி ஒண்ணு, கோழிமுட்டை மாதிரி பத்து. தலையணை உறைக்குள்ள கல். பிரட் டப்பாவுக்குள்ள கல். என் கம்பளிக் காலுறைக்குள்ள கல். நான் அடியில படுத்துக்கிட்டு உன் பரம்பரையைத் திட்டிக்கிட்டு இருக்கும்போது, மேல ஒரு பரம்பரை கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்திருக்கு! கல் ஏற ஏற வண்டி ஆடுது, வண்டி ஆட ஆட நான் நிறுத்தறேன், நான் நிறுத்த நிறுத்த அவ ஏத்தறா. அது உங்க வாவ்ரா ரத்தம். உங்கப்பா சோளக்கொல்லையில பொறுக்கின கல்லு இன்னும் உங்க வேலியோரம் மலை மாதிரி கிடக்கே.

"ஒண்ணு, இந்தக் கல்லு இறங்கணும். இல்லைன்னா நான் இறங்கறேன்"னு கத்தினேன். அந்தத் தடியன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டு உட்கார்ந்து பாக்கறான்.

"இறங்கு. பிக்கப் சாவியைக் குடுத்துட்டு இறங்கு"ன்னா உன் தங்கச்சி.

"என் அக்கார்டியனை இறக்கிட்டேனேடி!"

"நான் இறக்கச் சொன்னேனா? டெல்பர்ட், நீ பஸ் ஓட்டற மாதிரியே ஓட்டறே. கிளம்பற நேரம், சேர்ற நேரம், அவ்வளவுதான். வழியில ஒரு ஆத்தோரம் ஒரு நிமிஷம் நிறுத்துன்னு கேட்டேன், திரும்பும்போது பார்க்கலாம்னே. காட்டு மான் கூட்டமா நிக்குதுன்னேன், நேரமாச்சுன்னே. இந்த வண்டி ஆடினதாலதான் நான் மண்ணுல கால் வச்சேன். இது ஆடலைன்னா ஜன்னல் வழியாவே கடலையும் பார்த்துட்டுத் திரும்பியிருப்பேன்."

கதவைச் சாத்திட்டு வந்து உனக்கு எழுதறேன். அவ ஆத்தங்கரையில உட்கார்ந்திருக்கா.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். கடலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்ததும் நீ லேண்டருக்கு வந்து, உன் ட்ரெய்லரையும் உன் குடும்பத்துக் கல்லையும் நீயே இழுத்துக்கொண்டு போ. ஆடாமல் போகும் என்றாயே, ஆடாமல் போய்க் காட்டு. நானும் லிபியும் பிக்கப்பில் ஊர் திரும்புகிறோம். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் குழந்தைகளுக்கு என் ஆசிகளையும் சொல்லவும். உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

இப்படிக்கு,
உன்னை நம்பிய பாவி,
டெல்பர்ட் குச்செரா

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன், இப்போது ஐடஹோவில் இருக்கிறோம். அன்று இருட்டுவதற்குள் பாதிக் கல்லை முன்பக்கத்துப் பெட்டிக்கு மாற்றினேன், அக்கார்டியன் இருந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. மறுநாள் வண்டி கோடு போட்ட மாதிரி வந்தது. துளி ஆட்டம் இல்லை. காலையிலிருந்து எங்கேயும் நிறுத்தவே வேண்டியிருக்கவில்லை. லிபி கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மத்தியானம் ஒரு ஆற்று வளைவு வந்தது, கரையெல்லாம் கூழாங்கல். "லிபி, பின்னாடி கொஞ்சம் ஆடற மாதிரி இல்லே?" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "ஆமா, ஆடுது" என்றாள். ஓரமாக நிறுத்திவிட்டு அடியில் போய்ப் படுத்தேன். பார்க்க ஒன்றுமில்லை. அவள் கூப்பிடும் வரை அங்கேயே படுத்திருந்தேன்.