நாலு மாநிலம் கைவிட்ட பாட்டில்

வெளிநாட்டு மாப்பிள்ளையை அப்புறம் சந்தேகப்படலாம். முதலில் அவன் கொண்டுவரும் பாட்டிலைச் சந்தேகப்பட வேண்டும். இது என் கொள்கை. (கொள்கைக்குப் படிப்பு வேண்டாமுங்க, வாய் இருந்தாப் போதும்.) ஏற்கெனவே என் மகளைப் பெண் பார்க்க வந்த ஒருவனின் தலைமுடி அசல்தானா என்று இழுத்துப் பார்த்தவன் நான். அசல்தான். முடி கையோடு வரவில்லை, சம்பந்தம் கைவிட்டுப் போனது.

அதனால் அடுத்ததாகப் பிரபு பெண் பார்க்க வந்த அன்று என் மகள் கவிதா முன்கூட்டியே எச்சரித்தாள்.

"அப்பா, இவரை எனக்குப் பிடிச்சிருக்கு. நீ சும்னே உக்காந்தா சாக்கு."

மைசூரில் பிறந்தவள், பாதி தமிழ், பாதி கன்னடம். (கன்னடத்துல சாக்குன்னா போதும்னு அர்த்தம். நானும் சாக்கு மாதிரிதான் உக்காந்திருந்தேன்.)

பிரபுவுக்குச் சொந்த ஊர், கொள்ளேகால் தாண்டி எங்கள் பூர்வீகமான ராமாபுரம் பக்கம். வேலை மட்டும் ஜார்ஜியா என்கிற நாட்டில், ஒரு ஓட்டல் சமையலறையில். டைல்ஸ் ஒட்டிப் பிழைக்கிற எனக்கு வெளிநாடு என்றால் துபாய், சிங்கப்பூர், மஸ்கட். அதற்கு மேல் உலகத்தில் இடம் இருக்கிறது என்றே யாரும் சொல்லவில்லை. பெண்ணைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, துண்டில் சுற்றிய ஒரு பாட்டிலை வாசலில் வைத்து என் கையில் கொடுத்தான்.

"மாமா, வைனுங்க. எங்க வீட்டு ஓனரு தோட்டத்துல செஞ்சு விக்கறது."

எனக்குத் தெரிந்த வைன், 'வைன்ஸ்' என்று போர்டு போட்ட கடை மட்டும்தான். அங்கே வைனைத் தவிர எல்லாம் கிடைக்கும். ஆனாலும் வைன் சிவப்பாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். இது டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. போதாததற்கு லேபிள் முழுக்கச் சுருள் சுருளாக எழுத்து. தமிழை விட்டால் என் அகராதியில் எழுத்து இரண்டே வகை. குச்சியாக நின்றால் இங்கிலீஷ், சுருண்டு படுத்தால் கன்னடம். இது படுத்திருந்தது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஜார்ஜியாவாவது கீர்ஜியாவாவது. பையன் மைசூரைத் தாண்டியே போயிருக்க மாட்டான். டீத்தண்ணியை பாட்டிலில் ஊற்றி, கன்னட லேபிள் ஒட்டி, என் பெண்ணைக் கேட்கிறான்.

மறுநாளே பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டுக்குப் போனேன். பூக்கார அம்மா லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது கன்னட அல்லாப்பா. தெலுகு இர்பேகு." வளையல் கடைத் தெலுங்குக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "தெலுகு காதண்ணா, மலையாளம்." டீக்கடை மலையாளி கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் அளந்தார். "நம்மளது இல்ல சேட்டா. இது கன்னடம்."

எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், அதனால் அது தமிழில்லை என்று எனக்கே தெரியும். நாலு மாநிலமும் கைவிட்ட எழுத்து. போலி என்பதற்கு இனி என்ன சாட்சி வேண்டும்?

அடுத்த ஞாயிறு, நிச்சயத்துக்கு நாள் குறிக்கப் பிரபு வீட்டார் வந்தார்கள். அப்பா மாரப்பன் விவசாயி, கொக்கு மாதிரி வெள்ளை வேட்டி. அம்மா சரசக்கா. தாம்பூலத் தட்டு வைத்ததும் நான் பாட்டிலைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் நிறுத்தினேன்.

"மாப்ளே, இந்த லேபிளு எந்த பிரஸ்ல அடிச்சது?"

சமையலறை வாசலில் கவிதா தலையில் கை வைத்தாள்.

பிரபு சிரித்தான். "ஜார்ஜியா எழுத்துங்க மாமா."

"எங்க, படிங்க."

"ர்காட்சிதேலி."

"ராக்காச்சி தேளா?"

"திராட்சை பேருங்க மாமா. பெரிய மண்பானையைக் கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்சு, திராட்சையைத் தோலு, கொட்டையோட உள்ள போட்டு மூடிருவாங்க. மாசக்கணக்குல அப்படியே கெடக்கும்."

நான் துள்ளி எழுந்தேன். பானை, மண், புதைப்பு. எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் வைன் இல்லை. சாராய ஊறல்.

"சம்பந்தி, கேட்டீங்களா? ஊறல் போடற ஊருக்குப் பையனை அனுப்பிப்போட்டு, ஓட்டல் வேலைன்னு சொல்லியிருக்கீங்க."

மாரப்பன் கோபப்படவில்லை. முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ஏன்டா பிரபு, வெல்லம் போடறாங்களா?"

"இல்லப்பா."

"வேலம்பட்டை?"

"அதுவும் இல்ல."

"அதெப்புடிடா பட்டையில்லாம..." என்றவர், சரசக்கா பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினார். (ராமாபுரத்துச் சோளக்காட்டுக்குள்ள என்னமோ புதைஞ்சிருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.)

"இவரு கவுரவமான மனுசன். நீங்க எந்திரிங்க, போலாம்" என்று என்னைக் காட்டி மாரப்பனிடம் சொன்னார் சரசக்கா.

கவிதாவின் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் நான் அடங்கியிருக்க வேண்டும். மாறாக, குடித்துப் பார்த்தே நிரூபித்துவிடலாம் என்று கிளம்பினேன். மூடி திருக வரவில்லை. உள்ளே தக்கை. தக்கையில் ஒரு ஸ்குரூவை முறுக்கி, கட்டிங் பிளேயரால் பிடித்து, பாட்டிலைத் தொடையிடுக்கில் வைத்து மூச்சைப் பிடித்து இழுத்தேன். தக்கை வந்தது. கூடவே நானும் பின்னால் போனேன். பாட்டில் மட்டும் முன்னால் போய் மாரப்பன் மடியில் சாய்ந்தது.

கொக்கு வேட்டி, இடுப்பிலிருந்து முழங்கால் வரை டிகாஷன்.

அந்த நிறத்தில், அந்த வாசத்தோடு, அந்த இடத்தில் நனைந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கொள்ளேகால் பஸ்ஸில் ஏற முடியாது. என் வேட்டி எல்லாம் சிமெண்ட் கறை. மாரப்பன் என்னுடைய கட்டம் போட்ட லுங்கிக்கு மாறினார். அதோடு பஸ் ஏறவும் மாட்டேன் என்றார். ஆக, வேட்டி காயும் வரை கோபித்துக்கொண்டு போகவும் வழியில்லை. அன்று பார்த்து வெளியே தூறல் வேறு.

கவிதா வேட்டியை அலசினாள். அவளும் சரசக்காவும் ஆளுக்கொரு முனை பிடித்து ஃபேனுக்கு அடியில் நின்றார்கள். முதலில் வேட்டி மட்டும் ஆடியது. அப்புறம் பேச்சு. அப்புறம் சிரிப்பு. வேட்டி காய்ந்ததும் சரசக்கா என் மனைவி தங்கத்திடம் சொன்னார்:

"இந்த ஊட்டுல புத்தியுள்ளது இவ ஒருத்திதான். இவரு கெடுத்துப்போடறதுக்குள்ள நாங்க கூட்டிக்கிட்டுப் போயர்றோம். தேதியப் பாருங்க."

மிச்சமிருந்ததை ஆண்கள் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டோம். வாய்க்குள் போனதும் கடுக்காய் மாதிரி நாக்கைப் பிடித்து இழுத்தது. விழுங்கிய பிறகு எங்கிருந்தோ தேன் வாசம் வந்தது. இது டீ இல்லை என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். (மனசுக்குள்ள மட்டும்.) அங்கே டம்ளரைத் தூக்கி ஒரு வார்த்தை சொல்வார்களாம். வெற்றி என்று பொருளாம். "கௌமார்ஜோஸ்" என்றான் பிரபு. நானும் டம்ளரைத் தூக்கி, கணீரென்று சொன்னேன்: "கோமாரி."

மாரப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். "நல்ல காரியம் பேசறப்ப மாட்டுக்கு வர்ற சீக்கை ஏனுங்க இழுக்கறீங்க? ஊட்டுல ரெண்டு கறவை நிக்குது."

இன்றைக்கும் எங்கள் இரு வீட்டு விசேஷத்திலும் மோர் குடித்தாலும் சரி, கஷாயம் குடித்தாலும் சரி, டம்ளரைத் தூக்கிக் 'கோமாரி' சொல்லாமல் யாரும் வாயில் வைப்பதில்லை. பந்தியில் லுங்கியோடு யாராவது உட்கார்ந்தால் "என்ன, வேட்டி காயுதா?" என்பார்கள்.

பாட்டில் இப்போது மணி பிளாண்ட் வளர்க்கிறது. லேபிளை மட்டும் நனையாமல் காப்பாற்றி வைத்திருக்கிறேன். சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? போன மாதம் பேத்தி வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கன்னடத்தில் முதல் மார்க், தமிழ் பேச்சோடு சரி. ரகசியமாகப் பாட்டிலை எடுத்துக் காட்டினேன்.

"கண்ணு, இது கன்னடந்தானே?"

உற்றுப் பார்த்தாள். என்னையும் பாவமாகப் பார்த்தாள்.

"தாத்தா, உனக்குப் படிக்க வராதா? இது தமிழு."