மூன்றாம் ஓலைக்குள் ஒரு சால்வை

நான் செய்த பாவங்களிலேயே பெரியது ஒரு தலையாட்டல். பொய்யைச் சொன்னது சின்னம்மா. நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன். "தலையாட்டினாலும் பொய் பொய்தான்" என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் சொன்னபோது, அந்தப் பொய் ஏற்கெனவே ஒரு முழம் வளர்ந்திருந்தது. (நூலில் பின்னிய பொய், வளராமல் என்ன செய்யும்?)

எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வில்லியனூரைத் தாண்டி எங்கள் ஊர். அம்மா இல்லாத என்னை வளர்த்தவள் சின்னம்மா. பாகூர்ப் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் லூர்து, மில்லில் வேலை. நான் ஒரே ஒரு முறைதான் நிமிர்ந்து பார்த்தேன். மனிதர் காபியை ஆற்றாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, சுடாதது மாதிரி உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் மட்டும் நின்றது. எனக்குப் பிடித்துப்போயிற்று. கட்டினால் இவரைத்தான் என்று அந்த நிமிஷமே மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அப்போது அவருடைய அம்மா பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து நீட்டினார். அந்த அம்மாளின் தாயார், பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனில் இருந்தபோது எடுத்துக்கொண்டதாம். தோளில் ஒரு வெள்ளை லேஸ் சால்வை, பூவும் இலையுமாக வழிந்தது.

"எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு, கல்யாணத்தன்னிக்கு இந்த மாதிரி சால்வை போட்டுக்கினு கோயிலுக்கு வரணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. பொண்ணுக்கு குரோஷா பின்னத் தெரியுமா?"

"இன்னா இப்படிக் கேட்டுட்டீங்க? கண்ணை மூடிக்கினு போடுவா" என்றாள் சின்னம்மா.

நான் தலையாட்டினேன். (அதில் பாதி உண்மை இருந்தது. கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது.)

போட்டோவையும் ஒரு பை நிறைய நூல்கண்டுகளையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. நான் ஓடியது பக்கத்து வீட்டு ரீத்தாவிடம். அவள் கன்னிமார் மடத்துத் தையல் வகுப்புக்குச் சில வாரம் போய், பூச்சாடிக்கு அடியில் போடும் துணி ஒன்று பின்னியிருந்தாள். எங்கள் தெருவுக்கு அவள்தான் குரோஷாவில் கரைகண்டவள்.

"இந்தச் சால்வை சதுரமாடி, வட்டமாடி?" என்றேன். போட்டோவில் மார்பு வரைக்கும்தான் தெரிந்தது.

"எனக்கு வட்டம்தான் வரும். அதனால இது வட்டம்" என்றாள் ரீத்தா.

கொக்கி ஊசியில் நூலைச் சுற்றி இழுத்தால் ஒரு கண்ணி. கண்ணிகள் சேர்ந்தால் சங்கிலி. சங்கிலியை வளையமாக்கி, அதைச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போக வேண்டும். இதைக் கற்கவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஊசி நூலைப் பிடித்ததைவிட என் விரலைப் பிடித்ததுதான் அதிகம்.

"ஒவ்வொரு சுத்துக்கும் கண்ணி கூட்டிக்கினே போணும். அப்பதான் தட்டையா வரும்."

"எத்தினி கூட்டணும்?"

"அதைச் சொல்லிக்குடுத்த அன்னிக்கு எனக்கு ஜுரம்டி."

எங்கள் கோயில் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று சாமியார் அறிவிப்பார். முதல் ஓலை வாசித்த அன்று என் சால்வை கிண்ணமாக இருந்தது. கண்ணி குறைவாகக் கூட்டியதால் ஓரமெல்லாம் மேலே எழும்பிவிட்டது. 'தடை' என்ற வார்த்தை காதில் விழுந்ததும், பின்வரிசையிலிருந்து யாராவது எழுந்து, "சாமி, இந்தப் பொண்ணுக்குக் குரோஷா தெரியாது" என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு வியர்த்தது. குரோஷா தெரியாதது திருச்சபைச் சட்டப்படி தடையா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பது?

இரண்டாம் ஓலைக்குக் கிண்ணம் அண்டாவாகிவிட்டது. "நிறையக் கூட்டுடி" என்றாள் ரீத்தா. கூட்டினேன். ஓரம் சேவல் கொண்டை மாதிரி நெளிநெளியாக வந்தது. அண்டாவுக்குக் கொண்டை முளைத்த மாதிரி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, போட்டோவைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் அது சால்வை. எந்தப் பக்கம் பார்த்தாலும் இது இல்லை. அழுகையாக வந்தது. லூர்துவின் நாக்கு வேறு அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது.

"கஞ்சி போட்டாப் படிஞ்சிடும். மடத்துல அப்படித்தான் செய்வாங்க" என்றாள் ரீத்தா. மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை. கெட்டியான வடிகஞ்சியில் முக்கி எடுத்தோம். எங்கே காயவைப்பது? வட்டமான பொருளுக்கு வட்டமான இடம் வேண்டும் என்று ரீத்தாவின் மூளை வேலை செய்தது. கோழி அடைக்கும் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் விரித்தோம். வெயில் நன்றாகக் காய்ந்தது. பிறகு சால்வையைக் கழற்றி எடுத்தால், கூடை இல்லாமல் அது தானாகவே நின்றது. எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பஞ்சாரம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பேச்சுக்குரல். ரவிக்கை அளவு வாங்க, சொல்லாமல் கொள்ளாமல் லூர்துவும் அவர் அம்மாவும் வந்து நின்றார்கள். நானும் ரீத்தாவும் அதை முற்றத்திலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினோம். வயலிலிருந்து வந்த அப்பா, சம்பந்தி காலடியில் கோழியும் குஞ்சுகளும் ஓடுவதைப் பார்த்து, கைக்குக் கிடைத்ததை எடுத்து அவற்றின்மேல் கவிழ்த்திருக்கிறார்.

"சால்வை முடிஞ்சிதா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

"கடைசிச் சுத்து நடந்துக்கினு இருக்குது" என்றாள் சின்னம்மா.

நடக்கத்தான் செய்தது. பூவும் கொண்டையுமாக ஒரு வெள்ளைக் கோபுரம், உள்ளே கொக்கரித்தபடி, முற்றத்தைக் கடந்து அவரை நோக்கி நேராக வந்தது. பின்னாலேயே, ஓரத்தின் நெளிவு வழியாக வெளியே வந்த குஞ்சுகள்.

"இன்னாம்மா அது, நடந்து வருது?"

அப்பா பெருமையாக, "புதுப் பஞ்சாரம்" என்றார்.

எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே வந்து, "அத்தை, எனக்குக் குரோஷா தெரியாது. அதுதான் உங்க சால்வை" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். லூர்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கோபமா சிரிப்பா என்று புரியாமல் இன்னும் அழுதேன்.

அந்த அம்மாள் குனிந்து, கோழியை விட்டுவிட்டு, அதைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு சுற்றாகத் தடவிப் பார்த்தார்.

"போட்டோவுல எங்கம்மா போட்டுக்கினு இருக்கிறது இரவல்டி. போட்டோக்காரன் குடுத்தது. படம் எடுத்ததும் வாங்கி வச்சிக்கினான். சாகற வரைக்கும் அதையே சொல்லிக்கினு இருந்தா. நானும் குரோஷா போட்டுப் பார்த்தேன், எனக்குச் சங்கிலிகூட வரலை. நீ கோழி அடைக்கிற அளவுக்காவது போட்டிருக்கே."

மறுநாள் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை.

கஞ்சி போக அலசி, இரண்டாக மடித்து, ஊக்கு குத்தி, கல்யாணத்தன்று என் மாமியாரே அதை என் தோளில் போட்டுவிட்டார். கல்யாணப் போட்டோ இன்னும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வலது தோளில் கிண்ணத்தின் மிச்சமாக ஒரு மேடு தெரியும். வருகிறவர்கள் எல்லாரும், "எவ்ளோ அழகான லேஸ்! நீங்களே போட்டதா?" என்று கேட்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொள்வார்.

"இல்லம்மா, அது கோழியோடது. கல்யாணத்துக்குன்னு ஒரு நாள் இரவல் வாங்கினா, இன்னும் திருப்பிக் குடுக்கலை."