ஐம்பது எறி எறிந்தால்தான் தூண்டில்

வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதற்கென்றே மாதாமாதம் வாடகை கட்டிக் கடை நடத்துபவர் லண்டனிலேயே ஒருவர்தான் இருக்கிறார். அவர் ‘வேண்டாம் அண்ணை’. அவரிடம் நான் போய் மாட்டிக்கொண்டது ஓர் அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. காலை பத்து நாற்பது வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பத்து நாற்பத்தொன்றுக்கு, நான் தூண்டிலில் கட்டி எறிந்த கத்தரிக்காய் பக்கத்துக் கடை முடிதிருத்துபவரின் தேநீர்க் கோப்பைக்குள் போய் விழுந்தது.

தூண்டிலில் ஏன் கத்தரிக்காய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் மகள் மதிக்குப் பதினைந்து வயது. அந்த வருடம்தான் லண்டனின் தெற்கே நோர்பரியிலிருந்து வடக்கே வால்தம்ஸ்டோவுக்கு வீடு மாறினோம். பழைய தோழிகள் ஊரின் அந்தக் கோடியில் நின்றுவிட்டார்கள், புதியவர்கள் கிடைக்கவில்லை. முதலில் பேச்சு குறைந்தது. பிறகு சாப்பாடு அறைக்குள் போனது. செப்டம்பரில் பள்ளிக்கூடம் போவதும் நின்றது. நான்கு மாதமாக அவள் என்னிடம் பேசியதையெல்லாம் கூட்டினால் ஒரு ‘ம்’ தேறும். டாக்டரும் பள்ளிக்கூடத்தாரும் “அவசரப்படுத்தாதீர்கள்” என்றார்கள். எனக்கோ ஒரு வங்கியில், மென்பொருளில் எதெல்லாம் கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே யோசித்துச் சொல்லும் வேலை. வீட்டிலும் அதையேதான் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் கதவைத் திறந்து, “அப்பா, எனக்கு ஒரு ஃபிஷிங் ராட் வேணும்” என்றாள்.

முழு வாக்கியம்! கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தேன், சத்தம் கேட்டுத் திரும்பிப் போய்விடுவாளோ என்று. இத்தனை நாளும் அறைக்குள் அவள் பார்த்துக்கொண்டிருந்தது கனடாவில் ‘மஸ்கி’ என்ற மீனைப் பிடிக்கும் வீடியோக்கள். ஆள் நீளத்துக்கு வளருமாம். முதலை மூஞ்சி. பத்தாயிரம் தடவை எறிந்தால் ஒரு தடவை கடித்தாலும் கடிக்குமாம்.

“அதுல என்னம்மா பிடிச்சிருக்கு உனக்கு?”

“மீன் வரலைன்னா யாரும் எதுவும் சொல்றதில்லப்பா. திரும்ப எறியறாங்க. அவ்ளோதான்.”

லண்டனில் மஸ்கி கிடையாது. ஆனால் அதன் சித்தப்பா பிள்ளை போல ‘பைக்’ என்றொரு மீன் நம் கால்வாய்களிலேயே இருக்கிறது. அதே பல், அதே கோபம், கொஞ்சம் சின்ன உடம்பு. அன்றே உட்கார்ந்து முப்பத்தெட்டு தூண்டில் கம்புகளையும் நூல் சுற்றும் இருபத்தாறு ரீல்களையும் ஒப்பிட்டு அட்டவணை போட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “மீன் பிடிக்கவா, இல்ல கம்புக்கும் ரீலுக்கும் ஜாதகம் பொருத்தம் பாக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு உயிர் போகிற விஷயம். இந்தக் கம்பு தப்பாகிவிட்டால் அந்தக் கதவு மறுபடி மூடிக்கொள்ளும், பிறகு எப்போது திறக்குமோ என்ற பயம்.

வேண்டாம் அண்ணையின் கடை சந்தைத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில். முன்பாதியில் சூட்கேஸ்கள், பின்பாதியில் தூண்டில்கள். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியைத் தூண்டில் நரம்பில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். எனக்கு முன்னால் ஓர் இளைஞர், கடையிலேயே விலை கூடின ரீலைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, காசு இருக்கு.”

“காசு இருக்கு. தோள் இருக்கோ? வேண்டாம். போயிட்டுப் பிறகு வாரும்.”

என் அட்டவணையை நீட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நான்காக மடித்தார். ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகிவிட்டு மேசையைத் தட்டிப் பார்த்தார். “நல்ல தடிப்பான பேப்பர்” என்றார்.

பிறகு சொன்னார். “துவங்கிற ஆளுக்கு விலை கூடின கம்பு வேண்டாம். எட்டடி, இடைத்தரம், அது காணும், போதும். உருளை ரீல் வேண்டாம், பழகாத கைக்கு நூல் சிக்குப்பட்டுக் குருவிக்கூடு கட்டும். சாதா ரீல் காணும். காசு மிச்சம் பிடிக்கிறதெண்டால் இதுகளில பிடியுங்கோ. ஆனா நூல் நுனியில போடுற உருக்குக் கம்பியில மட்டும் ஒரு சதம் மிச்சம் பிடிக்கக்கூடாது. பைக்குக்கு வாயெல்லாம் பல்லு. நூலை அறுத்துக்கொண்டு, தொண்டையில தூண்டில்முள்ளோட போய்ச் செத்திடும். பாவம்.”

“சரிங்க, அதையே குடுங்க.”

“எறியாமலோ? ஐம்பது எறி எறியவேணும், தம்பி. அதுக்குப் பிறகு தோள் என்ன சொல்லுதெண்டு பாத்துத்தான் நான் குடுக்கிறது.”

கடைக்குப் பின்னால் சாமான் இறக்கும் முற்றம். ஒரு சின்னக் கத்தரிக்காயைக் கொண்டுவந்து நுனியில் கட்டினார். பைக்குக்கு எறியும் பொய்மீன் சரியாக அந்த எடைதானாம். நான் விடவில்லை. என் அட்டவணையில் முதலிடம் பெற்றது உருளை ரீல்தான் என்று வாதாடி, எறிந்து பார்க்க அதையே கையில் வாங்கிக்கொண்டேன். ஆறு எறியில் ஆறு குருவிக்கூடு. ஏழாவதில் கத்தரிக்காய் அறுத்துக்கொண்டு பறந்தது. முன்னமே சொன்ன கோப்பையில் போய் இறங்கியது.

தன் கடையின் பின்வாசலில் நின்று குடித்துக்கொண்டிருந்த முடிதிருத்துபவர் ஒரு துருக்கியர். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இந்த வாரத்தில் இது மூன்றாவது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். கத்தரிக்காயை வெளியே எடுத்து எங்கள் பக்கம் திருப்பி எறிந்தார். நேராக அண்ணையின் கையில் வந்து விழுந்தது.

“பாத்தீங்களோ,” என்றார் அண்ணை, “அவருக்குத் தோள் இருக்கு.”

ஐம்பதும் எறிந்தேன். வலது கை தனியே கழன்று நின்றது. அப்போதுதான் கேட்டார்: “ஆருக்குத் தம்பி இந்தத் தூண்டில்?”

“என் பொண்ணுக்கு.”

“மகளுக்கோ! அப்ப உங்கட தோளை ஏன் எனக்குக் காட்டினனீங்கள்?”

“நீங்கதானே எறியச் சொன்னீங்க!”

“பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“அவ வெளியில வரமாட்டா.”

“அப்ப வேண்டாம்.”

கோபத்தோடு வீட்டுக்கு வந்து இணையத்தில் ஆர்டர் போட்டேன். அங்கேதான் பெரிய தப்பு. நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் செருப்பும் சீருடையும் எப்படி வாங்குவோம்? வளர்கிற பிள்ளை என்று ஓர் அளவு கூட்டித்தானே! அந்தப் பழக்கத்தில் கம்பையும் ஓர் அளவு கூட்டி வாங்கினேன். பத்தடி. சுறா பிடிக்கலாம் போலிருந்தது. மதி இரண்டு கையாலும் தூக்கினாள். ஒருமுறை வீசிப் பார்த்தாள், விளக்கு ஆடியது. “தாங்க்ஸ்பா” என்று சொல்லி அதைக் கதவுக்குப் பின்னால் சாய்த்தாள். கதவு மூடிக்கொண்டது. அந்த ‘டக்’ என்ற சத்தம் இன்றைக்கும் சில நேரம் என் நெஞ்சில் கேட்கிறது.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். நடந்ததைச் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கடைக்காரரிடம் கத்தினேன். “உங்க அம்பது எறி விதியாவது ஒண்ணாவது! அறையை விட்டே வராத பொண்ணை நான் எப்படிங்க இங்க கூட்டிட்டு வருவேன்? ஒரு சின்னக் கம்பு குடுத்தா உங்க கடை கவிழ்ந்திடுமா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளே போய் ஒரு கத்தரிக்காயைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார்.

“கம்பு இல்லை. இதைக் குடுங்கோ. அந்தத் தேத்தண்ணிக் கதையையும் சொல்லுங்கோ.”

பைத்தியக்கார மனிதர் என்று நினைத்துக்கொண்டேதான் கொண்டுபோனேன். கதவைத் தட்டி, கத்தரிக்காயை அவள் மேசையில் வைத்தேன். “என்னப்பா இது, சாம்பாருக்கா?” என்றாள். கதையைச் சொன்னேன். ஆறாவது குருவிக்கூட்டில் உதடு அசைந்தது. துருக்கியர் திருப்பி எறிந்த இடத்தில் சிரித்தேவிட்டாள். எனக்குத்தான் கண் மங்கிவிட்டது. துடைத்தால் அவள் கவனிப்பாளே என்று அப்படியே இருந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது. “சனிக்கிழமை நானே வரேன். பஸ்ல. நீங்க கார்ல கூட்டிட்டுப் போக வேணாம், நீங்க டென்ஷனா ஓட்டுவீங்க. பதினொரு மணிக்கு.”

அண்ணையிடம் முன்னமே சொல்லிவைத்துவிட்டு, பத்து மணிக்கே நான் கடையில் இருந்தேன். அண்ணை கத்தரிக்காய்களை எடை பார்த்து வரிசையாக அடுக்கியிருந்தார். துருக்கியரிடம் அன்றைக்குத் தேநீரை உள்ளே வைத்துக் குடிக்கச் சொல்லியிருந்தார். கண்ணாடிக் கதவில் ‘மூடியிருக்கிறது’ பலகை. சனிக்கிழமை, நல்ல வியாபார நேரம். தட்டியவர்களுக்கெல்லாம் உள்ளிருந்தபடியே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“ஏன் அண்ணே மூடிட்டீங்க?”

“சனம் நிண்டால் பிள்ளைக்குக் கூச்சமாயிருக்கும்.”

பதினொன்று ஆனது. பதினொன்றரை. நான் போன் பண்ணினேன்; எடுக்கவில்லை. மறுபடி பண்ணினேன். பஸ் கவிழ்ந்தது, வழி தவறியது, கால்வாயில் விழுந்தது என்று வரிசையாக யோசித்தேன். மூன்றாவது தடவை பண்ணப் போகையில் அண்ணை என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். விற்பனைக்கு இருந்த ஒரு சிவப்பு சூட்கேஸுக்குள் போட்டு, எண் பூட்டைச் சுழற்றிவிட்டார்.

“வாற பிள்ளையை இழுக்காதேங்கோ.”

பன்னிரண்டு மணிக்கு சூட்கேஸ் அடித்தது.

“திறங்க அண்ணே! அவதான்! நம்பர் என்ன?”

“பொறுங்கோ… பூச்சியம், பூச்சியம்…” அவர் முகம் மாறியது. “மறந்து போனன், தம்பி.”

நான் சூட்கேஸைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். அவர் ஏறி உட்கார்ந்து பூட்டைத் திருகினார். அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒரு சிவப்புப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள். அண்ணை பழக்கதோஷத்தில் தலையை ஆட்டினார். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

தலை கலைந்து, மேல்சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, மதி நின்றிருந்தாள். தனியாக.

எழுந்து ஓடிக் கதவைத் திறந்தேன். “போனை ஏன்பா எடுக்கல?” என்றாள். மூச்சு வாங்கியது. பிறகு குரலைத் தாழ்த்தி, “ரெண்டு பஸ்ஸை விட்டுட்டேன்பா. ஏறவே முடியல. மூணாவதுல ஏறிட்டேன்” என்றாள்.

கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்தேன். என் பின்னாலிருந்து அண்ணைதான் சொன்னார்:

“இந்த ரோட்டில முதல் வாற ரெண்டு பஸ்ஸும் ஒருநாளும் சரியில்லை, பிள்ளை. உள்ளுக்கு வாங்கோ.”