நாலாவது மாடி இணைப்பு

மாமியார் மறுபடியும் இடத்தை விட்டு நகர்ந்துவிட்டார். மடிக்கணினித் திரையில் இரண்டாம் மாடிப் புள்ளி சிவந்து அணைந்தது. மொட்டை மாடியிலிருந்து பேசிக்கொண்டிருந்த மச்சினனின் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது.

அடித்தளத்துக் கார் நிறுத்துமிடத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, பக்கத்தில் இருந்த மேலதிகாரியைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"அடுப்புல பால் வெச்சிருந்தாங்களாம், மேடம்."

மேலதிகாரி சிரிக்கவில்லை.

வெள்ளத்திலோ நிலநடுக்கத்திலோ டவர் சாய்ந்துபோனால், கைபேசிகளே ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிப் பேச்சைக் கடத்த வேண்டும். இதற்காகத்தான் மாப்பிள்ளை மூன்று வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். ஆபீசில் பொறுமை தீர்ந்துவிட்டது. இன்றைய சோதனை தேறாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. விடுமுறை நாளில் வர ஆபீசில் யாரும் தயாராக இல்லாததால் மனைவி வீட்டாரையும் பக்கத்து ஃபிளாட்காரர்களையும் கெஞ்சிக் கூட்டி, சிம் கழற்றிய கைபேசிகளைக் கையில் கொடுத்து, ஏழு மாடிக்கும் பிரித்து நிறுத்தியிருந்தார். கால் வலிக்கிறது என்ற மாமனார் மட்டும் நாலாவது மாடி மீட்டர் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஆள் நகர்ந்தால் வழி அறுகிறது. அவ்வளவுதானே? ஒருவர் விலகிய நொடியே மற்ற கைபேசிகள் புது வழி தேடும்படி மாப்பிள்ளை மாற்றினார். அத்தனை கைபேசிகளும் ஒன்றையொன்று "வழி தெரியுமா, வழி தெரியுமா" என்று கேட்க ஆரம்பித்தன. கேட்கிற கூட்டத்திலேயே வழி அடைத்துக்கொண்டது. மச்சினனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்து, அதுவும் நின்றது.

"முக்கியமானது முன்னாடி போகணும். அதுக்கு ஏதாவது பண்ணக்கூடாதா?" என்றார் மேலதிகாரி.

பண்ணினார். எல்லார் திரையிலும் 'அவசரம்' என்று ஒரு பொத்தான் முளைத்தது. ஐந்து நிமிடத்தில் ஊரே அவசரமானது. மச்சினன் தன் செல்ஃபியை அவசரம் என்று அனுப்பினான். மாமியார் பால் பொங்கிவிட்டதை அவசரமாகத் தெரிவித்தார்.

"எல்லாமே அவசரம்னா எதுவுமே அவசரம் இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றார் மேலதிகாரி.

மாப்பிள்ளை பொத்தானையே பிடுங்கி எறிந்தார். இனி பேச்சுக்குத்தான் முதலிடம். எழுத்துச் செய்திகள், யார் அனுப்பினாலும், கடைசியில் வந்தால் போதும்.

மேலிருந்து 'தொம் தொம்' என்று ஒரு சத்தம் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது.

"அது என்ன?"

"நாலாவது மாடியில யாரோ டைல்ஸ் மாத்துறாங்க போல, மேடம்."

பேச்சு அப்போதும் விட்டு விட்டுத்தான் வந்தது. மாப்பிள்ளை திரையையே வெறித்தார். புள்ளிகள் எறும்பு மாதிரி அலைந்தன. ஒன்றே ஒன்று மட்டும் ஆரம்பத்திலிருந்து இம்மியும் அசையவில்லை. நாலாவது மாடி.

அவருக்குப் பொறி தட்டியது. கிட்டத்தில் இருப்பவரை ஏன் தேட வேண்டும்? நிலையாக இருப்பவரை நம்பினால் என்ன? எல்லா வழியையும் அந்தப் புள்ளி வழியாகத் திருப்பிவிட்டார்.

"அத்தான், இப்ப கேக்குதா?" மச்சினனின் குரல் கணீரென்று வந்தது. மேலதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார். இத்தனை வருடத்தில் மாமனாரிடம் "சாப்டீங்களா மாமா" என்பதற்கு மேல் அவர் பேசியதில்லை. பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிற மனிதர் என்றுதான் நினைத்திருந்தார். கடைசியில் தன் கணக்குகளையெல்லாம் தாங்கி நிற்பது, ஒரு மனிதர் சொன்ன இடத்தில் சொன்னபடி உட்கார்ந்திருப்பதுதான்.

மனைவி கீழே இறங்கி வந்தாள். "ஏங்க, அப்பா டீக்குக் கூட வரலை. போய்ப் பாத்துட்டு வரவா?"

"ஐயோ, அவரைக் கிளப்பிடாதே! அவர் எந்திரிச்சா எல்லாம் போச்சு. நீயும் உன் இடத்துக்குப் போ."

"டீயைக் குடுத்துட்டு உடனே வந்துடறேனே."

"கொஞ்சம் பொறுத்துக்கோ. அவரே பொறுத்துக்கிட்டுத்தானே இருக்காரு?"

அவள் முணுமுணுத்தபடியே படியேறினாள்.

மேலதிகாரி திரையில் கூடிக்கொண்டே போன செய்தி எண்ணிக்கையைச் சுட்டினார். "நாலாவது மாடிக்காரர் நடுநடுவுல செய்தியும் அனுப்பிட்டே இருக்காரே!"

"எங்க மாமனார், மேடம். விடாம சோதிச்சுப் பாக்குறாரு. எவ்வளவு பொறுப்பு பாருங்க! அவர் அனுப்புனதுல ஒண்ணுகூட வழியில தொலையல."

மதியத்துக்குள் மேலதிகாரி முடிவு சொல்லிவிட்டார். "ஆராய்ச்சியைத் தொடருங்க. முதல்ல அந்தப் பெரியவருக்கு நான் கை குடுக்கணும்."

எல்லாருமாக நாலாவது மாடி ஏறினார்கள். மீட்டர் அறைக் கதவு சாத்தியிருந்தது. மாப்பிள்ளை கைப்பிடியைத் திருகியதும் சுலபமாகத் திறந்துகொண்டது. உள்ளே மாமனார் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, கைபேசியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மாமா, ஜெயிச்சுட்டோம்!" மாப்பிள்ளை அவர் கையைப் பற்றிக்கொண்டார். "நீங்க அனுப்புன செய்தி அத்தனையும் பத்திரமா வந்து சேந்துச்சு!"

மாமனார் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்படியா மாப்பிள்ளை? அப்ப, 'கதவு பூட்டிக்கிச்சு, உள்ளேருந்து திறக்க முடியல, யாராவது வாங்க'ன்னு காலையிலேருந்து அனுப்பிட்டிருக்கேனே, அதைப் படிக்க மட்டும் ஆளே இல்லையா?"