சைனாக்காரர் சுட்ட மஞ்சள் விலா எலும்பு

கொல்லிமலையிலேயே பெரிய பிடிவாதக்காரர் யார் என்று போட்டி வைத்தால், சைனாக்காரர் கலந்துகொள்ளவே மாட்டார். முதல் நாளே நேரில் வந்து அழைக்கவில்லை என்று முறுக்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவார். பரிசு தானாக அவரைத் தேடி வரும்.

சீனாவை அவர் வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை. சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், பக்கத்து அறையிலிருந்த சீனச் சமையல்காரரிடம் பன்றி விலா எலும்பு சுடக் கற்றுக்கொண்டு திரும்பினார். செம்மேட்டுச் சாலையோரம் ஒரு டிரம்மை நெடுக்கில் அறுத்து, கரி கொட்டி, மேலே கம்பிவலை போட்டார். கடை தயார். பெயரும் ஒட்டிக்கொண்டது.

சட்டம் ஒன்றுதான். சோயா சாஸ், பூண்டு, மலைத்தேன், பட்டையும் சோம்பும் அரைத்த பொடி எல்லாவற்றிலும் எலும்பு ஒரு முழு நாள் ஊற வேண்டும். ஆகவே முதல் நாளே நேரில் வந்து சொல்ல வேண்டும். போனில் சொன்னால் செல்லாது.

ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பிலிருந்து இறங்கி, "ரெண்டு பிளேட் போடுப்பா" என்றார்.

"நாளைக்கு வாங்க."

"எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கேன்யா!"

"நீங்க ஏறிட்டீங்க சாமி. சாறு இன்னும் எலும்புல ஏறலீங்களே."

ஜீப் வந்த வழியே இறங்கியது. அதே ஊரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த எனக்கு, அவர் அடுப்புக்கு விசிறி வீசும் அளவுக்குச் செல்வாக்கு இருந்தது. சலுகை மட்டும் கிடையாது.

இப்படிப்பட்டவரின் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன் விருந்து தன் கையால்தான் என்று நின்றார். மாப்பிள்ளை வீடு அதே மலையில் திண்ணனூர் நாடு என்ற பகுதி. மாப்பிள்ளையின் அப்பா, "கருப்பா ஊற வெச்ச கறிய எங்க சனம் தொடாதுங்க. கொழம்பு வைங்க" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் அல்லவா? "ஒரு எலும்பு கடிச்சுப் பாருங்க. புடிக்கலீன்னா கடையவே மூடிடறேன்" என்று சபை நடுவே சவால் விட்டார் சைனாக்காரர்.

கல்யாணத்தன்று காலை, கறி ஊறிக்கொண்டிருந்த அண்டாக்களைப் பார்க்கப் போனோம். எலும்பெல்லாம் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. பக்கத்தில் அவர் தங்கை, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பெருமையாக நின்றாள்.

"ஏண்ணா, கறியக் கழுவாமயே போட்டு வெச்சிருக்கறே? ஒரே கருப்புத் தண்ணி! மஞ்சப்பொடி போட்டு மூணு தண்ணி ஊத்திக் கழுவிட்டேன். சம்பந்தி ஊட்டுக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

ஒரு நாள் ஊறிய சீனா முழுவதும் கழுவிய தண்ணீரோடு வாழைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது.

அதிகாரியையே விரட்டியவர் இப்போது மலையை இரண்டாகப் பிளக்கப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணன் முகத்தைப் பார்த்ததும்தான் தங்கைக்கு விபரீதம் புரிந்தது. அவள் கண் கலங்கிவிட்டது.

"நல்லாத்தான் கழுவியிருக்கறே, அம்மிணி. போய்ப் பொண்ணப் பாரு" என்றார். அவ்வளவுதான்.

மிச்சமிருந்தவை தேனும் மிளகும் பூண்டும். மூன்றையும் சேர்த்துக் காய்ச்சினார். வாழை நாரை முடிச்சாகக் கட்டி, கரியில் வேகும் எலும்பின்மேல் தொட்டுத் தொட்டுத் தடவினார். திருப்பிப் போட்டு மறுபடி தடவினார். தேன் சொட்டிப் புகை கிளம்ப, நான் கை ஓயும்வரை விசிறினேன்.

மாப்பிள்ளையின் அப்பா ஒன்றைக் கடித்தார். பிறகு இன்னொன்று. ஆறாவது எலும்பில்தான் வாய் திறந்தார்.

"ஏனுங்க, அருமையா இருக்குதுங்க! கருப்பா இருக்கும்னாங்க, மஞ்சளா இருக்குதே? மஞ்சப்பொடி போட்டு யாருங்க கழுவுனது?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாந்தான் கழுவச் சொன்னேனுங்க. தாய்மாமன் விருந்துக்குன்னு இது தனிப் பக்குவம்" என்றார் சைனாக்காரர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

கடை பிழைத்தது. இப்போது ஊரே அந்த மஞ்சள் எலும்பைக் கேட்கிறது. "அது எந்தங்கச்சி கழுவுனாத்தானுங்க வரும்" என்று சொல்லி, கருப்பு எலும்பையே நீட்டுகிறார்.

எனக்கு நாமக்கல்லுக்கு மாற்றலாகிவிட்டது. எலும்பு தின்ன ஆசைப்பட்டால், சனிக்கிழமை மலையேறிச் சொல்லிவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏற வேண்டும். "உங்களுக்குமா இந்தச் சட்டம்?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். நானும் அவரைத் திட்டிக்கொண்டேதான் பஸ் ஏறுகிறேன். ஆனால் ஒன்று. "நீங்க போன்ல சொன்னாப் போதுமுங்க" என்று அவர் என்றைக்காவது சொல்லிவிட்டால், அவர் பழைய சைனாக்காரர் இல்லை என்று எனக்கு அழுகை வந்துவிடும்.