மடுவுக்கு ஒரு மொறிஸ் மைனர்

மரியநேசன் காருக்குள் நின்ற தண்ணீரைச் சட்டியால் இறைத்துக்கொண்டிருந்தார். மழை ஒன்றும் பெய்யவில்லை. காரைக் கழுவியிருந்தார், அவ்வளவுதான்.

முல்லைத்தீவுக் கரையில் படகு ஓட்டிப் பழகிய மனிதர் அவர். பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கியதும், துருப்பிடித்து ஓட்டையாகிப்போன அதன் தளத்துக்குப் படகுக்குப் போடுவதுபோல மூன்று அடுக்கு ஃபைபர் போட்டிருந்தார். கீழேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. கண்ணாடி இடுக்கால் வந்தது வெளியே போகவும் போகாது.

“கடலிலயோ ஓடப்போறியள்?” என்று கேட்டாள் மனைவி யூலிற்றா.

“மடுவுக்கு ஓடினாக் காணும்.”

மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்குச் சொந்தக் காரில் கூட்டிப்போவேன் என்று கலியாணம் கட்டிய புதிதில் அவளுக்கு வாக்குக் கொடுத்தவர். போரால் பாதை மூடாமல் திறந்திருந்த ஆண்டுகளிலெல்லாம் அவளுடைய தம்பி சுகிர்தனின் வான் வண்டியில், அரிசி மூட்டைக்கும் சுகிர்தனின் நக்கலுக்கும் நடுவில் நசுங்கித்தான் போய்வந்தார்கள். இந்த முறை, “எங்களுக்கு இடம் வைக்காதை, நாங்கள் காரில வருவம்” என்று அவனிடம் சொல்லிவிட்டார். அவனும் அந்த இடத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டான். இனிக் கார் ஓடாவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

தண்ணீர் வடியட்டும் என்று தளத்தில் ட்ரில்லால் ஒரு துளை போட்டார். அது கீழே போன பெற்றோல் குழாயையும் சேர்த்துத் துளைத்தது.

மரியநேசன் கலங்கவில்லை. படகின் பிளாஸ்டிக் பெற்றோல் தாங்கியைப் பின் சீற்றில் வைத்து, அதன் றப்பர் குழாயை என்ஜினுக்கு இழுத்தார். குழாயின் நடுவிலிருந்த றப்பர்ப் பந்தை யாராவது அமத்திக்கொண்டே இருக்கவேண்டும். அந்தப் பதவி யூலிற்றாவுக்குக் கிடைத்தது. அவள் செபமாலை உருட்டும் வேகத்தில் அமத்த, காபரேற்றர் நிரம்பி வழிந்து என்ஜின் அடங்கிப்போனது.

“வாய்க்குள்ள என்ன முணுமுணுக்கிறாய்?”

“செபம்.”

“என்ஜினுக்குச் செபம் விளங்காது.”

திருவிழாவுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. வெட்கத்தை விட்டுப் பக்கத்து ஊரான தண்ணீரூற்றிலிருந்து மெக்கானிக் நிஸாரைக் கூப்பிட்டார். நிஸார் காரை ஒருதரம் சுற்றி வந்தான். பின் சீற்றை எட்டிப் பார்த்தான்.

“அண்ணை, நங்கூரம் எங்க?”

நிஸார் படகுச் சாமான்களையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் குழாய் போட்டான், காபரேற்றரைக் கழுவினான். மூன்றாம் நாள் காலை கார் ஸ்டார்ட் வந்தது. நிற்கவும் இல்லை. முள்ளியவளை வரை இரண்டு தரம் போய்த் திரும்பினார் மரியநேசன். சந்தோசத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சுகிர்தனின் வீட்டு வாசலில் மட்டும் தேவையில்லாமல் ஹோர்ன் அடித்தார்.

“யூலி, வெளிக்கிடு. இண்டைக்கே போனால் கூடாரம் போட நல்ல இடம் பிடிக்கலாம்.”

யூலிற்றா முற்றத்தில் முழந்தாளிட்டுச் சிலுவை போட்டாள். பிறகு உள்ளே போய், தோளில் ஒரு பையும் கையில் தண்ணீர்ப் போத்தலுமாக வெறுங்காலோடு வந்தாள். கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்த கணவனைக் கடந்து வாசல் படலையடிக்குப் போனாள்.

“எங்க போறாய்? கார் இஞ்ச நிக்குது.”

“இந்தக் கார் ஓடத் தொடங்கினால் ரெண்டு பேரும் மடுவுக்கு நடந்தே வாறம் எண்டு மாதாவுக்கு நேத்தி வச்சிருக்கிறன். செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ.”