சுவர் அழகும் தலைமை எழுத்தரின் மூளையும்

ஓர் அலுவலகத்தில் ஒருவருக்கு மூளை கலங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கட்டட அனுமதி அலுவலகத்தின் தலைமை எழுத்தர் வந்தவர்கள்மேல் எரிந்து விழுந்தார். கையிலிருக்கும் ஃபைலையே தேடினார். காலையில் சொன்னதை மதியம் மறந்தார். மேலிடம் அவருடைய நிர்வாகத் திறமையைப் பாராட்டிச் சான்றிதழ் வழங்கியது.

வீட்டில்தான் குட்டு வெளிப்பட்டது. செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, "என் செருப்பை எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?" என்று மனைவியிடம் பாய்ந்தார். சாப்பிட உட்கார்ந்தால் கண்ணீர் விட்டார். இத்தனை வருஷத்தில் குரலை உயர்த்தாத மனுஷன். அவள் கதிகலங்கிப் போனாள்.

மனநல மருத்துவர் வேலைப்பளு என்று மாத்திரை எழுதினார். தூக்கம் வந்தது, புத்தி வரவில்லை. அவருடைய தீராத வயிற்றுவலிக்காக வேறொரு டாக்டரம்மாவிடம் போனபோதுதான், ஆபீஸிலிருந்து அவர் சட்டையில் ஒட்டிவரும் பெயிண்ட் தூசியைத் தினமும் உதறி உதறிக் கை ஓய்ந்துவிட்டது என்று அவள் பேச்சுவாக்கில் சொன்னாள். டாக்டரம்மா உடனே அவர் ரத்தத்தைச் சோதித்தார். ரத்தத்தில் ஈயம்.

பெரிய அதிகாரிக்குப் 'பழமைத் தோற்றம்' என்னும் நாகரிகம் பிடித்திருந்தது. அலுவலகச் சுவர்களில் தலைமுறை தலைமுறையாகப் பூசிய பெயிண்ட் அடுக்கடுக்காகத் தெரிய வேண்டுமென்று வாராவாரம் உப்புத்தாளால் தேய்க்க ஆணையிட்டிருந்தார். அந்தப் பொடி டீயில் விழுந்தது, மூக்கில் ஏறியது.

அவள் நேரே அந்த அதிகாரியிடம் போனாள்.

"ஐயா, அந்தப் பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கு. அந்தத் தூசிதான் இவர் மூளையைக் கலக்கிருக்கு."

"அது தூசி இல்லைம்மா, சூழல். வர்றவங்க எல்லாம் சுவர்கிட்ட நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க."

"தேய்க்கறதை நிறுத்தினாலே போதும்யா."

"ஈயம்தான் காரணம்னா இங்க எல்லாருக்கும்ல பைத்தியம் பிடிச்சிருக்கணும்? நீங்களே பாருங்க."

பார்த்தாள். ஒருவர் வெற்றுத் தாள்களில் மும்முரமாக முத்திரை குத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர், தன்னை முறைத்ததற்கு விளக்கம் கேட்டு மின்விசிறிக்கு நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாக்கறாங்க," என்றார் அதிகாரி. பிறகு மனமிரங்கினார். "விதியில ஈயத்துக்கு இடமில்லை, பைத்தியத்துக்கு இருக்கு. பைத்தியம்னு எழுதிக் குடுங்க, சம்பளத்தோட லீவு தர்றேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தாள். மருந்தும் தூசியில்லாத வீடும் சேர்ந்து மனுஷனைத் தேற்றின. லீவு முடிந்ததும், பைத்தியம் தெளிந்தவரை உள்ளே உட்காரவைக்க விதி இடம் தராது என்று வெளி வராந்தாவில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டார்கள். அங்கே தூசி இல்லை. அவளுக்கு உயிர் வந்தது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அவர் வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். அன்றன்றே அனுமதி வழங்கினார். ஜனங்கள் நடுங்கினார்கள்.

"காலையில மனு குடுத்தேன், மதியமே கையெழுத்துப் போட்டுட்டாரு. இதுல ஏதோ வில்லங்கம் இருக்கு," என்றார் ஒருவர்.

"உக்காருங்கன்னு வேற சொல்றாரு," என்றார் பின்னால் நின்றவர்.

புகார்கள் குவிந்தன. அதிகாரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். "நோய் முத்திடுச்சும்மா. திரும்ப உள்ளேயே, என் கண் முன்னாடி உக்கார வெச்சுக்கறேன்."

அன்று மாலையே அவள் புருஷனுக்குப் பாடம் எடுத்தாள். "நாளையிலேருந்து நிமிர்ந்தே பாக்காதீங்க. யார் வந்தாலும் எரிஞ்சு விழுங்க. எதுவா இருந்தாலும் நாளைக்கு வரச் சொல்லுங்க."

"பாவம்டி, அலைவாங்க."

"அவங்க அலையறது பெருசா, உங்க மூளை பெருசா?"

அவர் கற்றுக்கொண்டார். புகார் நின்றது. 'ஐயாவுக்குக் குணமாயிடுச்சு' என்று ஜனங்கள் நிம்மதியாக வரிசையில் நின்றார்கள். அதிகாரியும் அவரை வராந்தாவிலேயே விட்டுவிட்டார்.

சில மாதம் போனது. ஒரு நாள் அவள் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் தலை நிமிரவில்லை.

"நாளைக்கு வாங்க."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பதறியடித்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். டாக்டரம்மா ரத்தத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை சோதித்தார்.

"ஈயமெல்லாம் இறங்கிடுச்சும்மா. ரத்தம் சுத்தமா இருக்கு."

"அப்ப இதுக்கு ஏதாவது மருந்து குடுங்க டாக்டர்."

"ஈயமா இருந்தா குடுத்திருப்பேன்," என்றார் டாக்டரம்மா.